நான்கெல்லை

எங்கள் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் நடுவே ஒரு மண்சுவர் இருந்தது. அது எவருடையது என்ற பூசலால் என் தந்தையாரும் அண்டை வீட்டாரும் ஆறாண்டுகள் முகங்கொடுத்துப் பேசவில்லை. வழக்கறிஞர் ஒருவர் எங்கள் கிரயப் பத்திரத்தைப் பிரித்து, "அளவை விடுங்கள், நான்கெல்லையைப் படியுங்கள்" என்றார். பரப்பளவும் எல்லையும் முரண்பட்டால், நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையையே ஏற்கும்.

எல்லைக்கு ஏன் இத்துணை மதிப்பு? விடை தேடிய நான் செப்பேடுகளைப் படிக்கலானேன். முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். அச்செய்தியைக் கூறும் ஏடுகள் பிற்காலத்தில் ஹாலந்துக்குச் சென்று, லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. ஊரெல்லையை வரையறுக்க அன்று ஒரு பெண் யானையைச் சுற்றி நடத்தினார்கள். கல்லும் கள்ளியும் நட்டார்கள். யானை போன வழியை ஊரே பார்த்திருக்கும். பிறகு எவர் மறுக்க முடியும்? கள்ளியை ஆடுமாடுகளும் தீண்டா. நல்ல சூழ்ச்சிதான்!

எங்களுக்கு யானை நடக்கவில்லை. பத்திரத்தில் ஒரு வரி இருந்தது. "அண்டை வீட்டுச் சுவருக்குக் கிழக்கு" என்பது அது. ஆகவே சுவர் அவர்களுடையது. எங்கள் மாட்டுக்கொட்டகையின் உத்தரம் அதன்மேல் அல்லவா தங்கியிருந்தது? 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, அத்தகைய தாங்குதல் உரிமையாக முதிர 20 ஆண்டுகள் இடையறாது செல்ல வேண்டும். எங்கள் கொட்டகைக்கு வயது ஒன்பது.

தந்தையார் பத்திரத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார். மறுநாள் காலையில் கொட்டகையைப் பிரிக்க ஆள் வந்தான்.