கானக்கோழியின் கழுத்திறகும் தூண்டில் ஈயும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு, குரங்கணி, கொழுக்குமலை என ஏறிச் செல்லும் மலைச் சரிவுகள் ஏலத்திற்கும் தேயிலைக்கும் பெயர் பெற்ற அளவுக்கு, அங்கே புதர்களுக்குள் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்குப் பெயர் பெறவில்லை. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனிலும் அடுத்த நூற்றாண்டில் அமெரிக்காவிலும் டிரவுட், சால்மன் மீன்களுக்குத் தூண்டில் கட்டியோர் பெரிதும் விரும்பித் தேடிய பொருள்களுள் ஒன்று, தீபகற்ப இந்தியாவுக்கே உரிய இப்பறவையின் கழுத்திறகாகும்.

1782இல் தம் பயண நூலை வெளியிட்ட பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சோனராவின் பெயரையே இப்பறவையின் அறிவியல் பெயர் தாங்கி நிற்கிறது. சேவலின் கழுத்திறகை அருகில் வைத்துப் பார்த்தால், மற்றப் பறவைகளின் இறகில் அரிதாகவே காணும் ஓர் அமைப்புப் புலப்படும்: நடுத்தண்டு நுனிக்கு அருகே தட்டையாக அகன்று, மெழுகு பூசியதுபோல் வழவழப்பான, வெண்மையும் மஞ்சளும் கலந்த சிறு தகடுகளாக மாறியிருக்கும். இத்தகடு நீரில் நனைந்தாலும் ஒளி குன்றாது. ஆனால் எளிதில் நீளவாக்கில் பிளந்துவிடும் என்பதால், தூண்டில் கட்டுவோர் பிளவை வார்னிஷ் தொட்டு ஒட்டிக்கொள்வர். பெட்டைக்கு இத்தகைய இறகு இல்லை. சேவலுக்கும் இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் அது உதிர்ந்து, சில மாதங்கள் மங்கிய கருநிறச் சிற்றிறகுகளே கழுத்தை மூடியிருக்கும். ஆகவே, இறகுக்காக வேட்டையாடியவர்கள் சேவல் முழுப் பொலிவோடு கூவித் திரியும் பருவத்திலேயே அதைக் கொல்ல வேண்டியிருந்தது என்பதை இவ்விறகு வணிகத்தின் வரலாறு எழுதுவோர் விட்டுவிடலாகாது. மூங்கிலோ குறிஞ்சியோ கூட்டமாகப் பூத்து விதை உதிர்க்கும் ஆண்டுகளில் இப்பறவைகள் அவ்விடங்களில் பெருங்கூட்டமாகத் திரள்வதும், வேட்டைக்காரருக்கு வாய்ப்பாக அமையக்கூடிய ஓர் இயல்பு.

தூண்டில் ஈ எனப்படுவது, முள்ளின் மீது இறகு, முடி, பட்டு நூல் ஆகியவற்றை வரிந்து கட்டி, மீனுக்குப் பூச்சியாகவோ இரையாகவோ தோன்றச் செய்யும் செயற்கை இரை. அதில் ஸ்ட்ரீமர் என்பது பூச்சியையன்றிச் சிறுமீனைப் போலச் செய்வது. நீண்ட தண்டுடைய முள்ளில் கட்டப்பட்டு, நீருக்கடியில் இழுக்கப்படும்போது அதன் இறகுகள் உடலோடு ஒட்டி அசைய, பெரிய டிரவுட் அதைத் துரத்தி வந்து கவ்வும். இவ்வகையில் புகழ்பெற்ற ‘கிரே கோஸ்ட்’ என்னும் வடிவத்தை, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொப்பி அலங்காரத் தொழில் செய்த கேரி ஸ்டீவன்ஸ் 1924இல் உருவாக்கினார். ஆரஞ்சுப் பட்டு நூலாலான உடல், அதைச் சுற்றி வெள்ளிச் சரிகை, அடியில் வெண்ணிற மான்வால் முடியும் மயிற்பீலி இழையும், மேலே சாம்பல் நிறச் சேவல் இறகுகள், தோளில் வெள்ளிப் பெசன்ட் பறவையின் இறகு என அடுக்கியபின், இருபுறமும் மீனின் கண்ணாகத் தோன்றும்படி வைக்கப்படுவதே காட்டுக்கோழியின் தகட்டிறகு. பிடிகருவி ஏதுமின்றி விரல்களிலேயே முள்ளைப் பிடித்து இவ்வளவையும் அவர் கட்டினார் என்ற ஒரு காரணமே அவருடைய கைத்திறனை மதிக்கப் போதும்.

இத்தகைய தூண்டில்களால் பிடிக்கப்படும் டிரவுட்டே போடியின் மேற்கே, மலை விளிம்புக்கு அப்பால், வந்து குடியேறியது. மூணாற்றைச் சுற்றிய உயர்மலை ஓடைகளில் தேயிலைத் தோட்டத்து ஐரோப்பியர் முதலில் பழுப்பு டிரவுட்டையும், 1930களில் வானவில் டிரவுட்டையும் விட்டு வளர்த்தனர். உயர்மலைத் தூண்டில் சங்கம் என அறியப்படும் அமைப்பு அவற்றைப் பேணியது. இவ்வாறு, காட்டுக்கோழி கூவும் காடுகளுக்கு மேலேயே, அதன் இறகைத் தாங்கும் தூண்டில்கள் வீசப்படும் நிலை உருவாயிற்று.

பறவை இறகு ஏற்றுமதியைப் பிரிட்டிஷ் இந்திய அரசு 1902இலேயே தடைசெய்தது. பிரிட்டன் 1921இல் இறக்குமதித் தடைச் சட்டம் இயற்றியது. எனினும் கழுத்துத் தோல்கள் கடல் கடந்து சென்றுகொண்டுதான் இருந்தன. 1960களிலும் அவை அமெரிக்கத் தூண்டில் கட்டுவோரின் மேசையில் இருந்தன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலும் இப்பறவைக்குக் காவல் ஆயின. அதன்பின் சட்டப்படி கிடைப்பது, இங்கிலாந்து போன்ற நாடுகளில் கூண்டில் வளர்க்கப்படும் பறவைகளின் இறகும், வண்ணம் அச்சிட்ட போலித் தகடுகளும் மட்டுமே. பழைய தூண்டில் நூல்கள் சிறு இறகின் விலையையும் அழகையும் விரிவாகப் பேசுகின்றன. அதைத் தந்த சேவல் எந்தச் சரிவில் எந்தக் கண்ணியில் விழுந்தது என்பது அவற்றில் இடம்பெறவில்லை.