உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்): மலாயாவில் மருந்து கண்ட வரலாறு

உண்ணிக் காய்ச்சல் என்பது ஓரியென்ஷியா சுட்சுகமூஷி என்னும் பாக்டீரியாவால் வரும் கடுங்காய்ச்சல். புல்லிலும் புதரிலும் ஒட்டியிருக்கும் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் தொற்றுகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை. கடித்த இடத்தில் சிலருக்குச் சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு தோன்றும். காட்டை வெட்டியபின் புதர் மண்டிக் கிடக்கும் நிலம் இந்த உண்ணிக்கும் அது ஒட்டி வாழும் எலிக்கும் உகந்தது. மலேசியாவின் (அன்றைய மலாயா) பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், லெம்பா பெர்த்தாம் போன்ற இடங்களில் தோட்டமும் காடும் முட்டிக்கொள்ளும் விளிம்புகள் அத்தகையவை.

அங்கே 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே, சமவெளித் தோட்டங்களில் இந்த நோய் அடையாளம் காணப்பட்டுவிட்டது. கோலாலம்பூரில் 1900இல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பிளெட்சரும் லெஸ்லாரும் 1920களின் நடுவில் இருவகை 'வெப்பமண்டல டைபஸ்' இருப்பதைக் கண்டனர். ஒன்று நகரத்து எலித்தெள்ளால் வருவது. மற்றது லாலாங் புல்லும் புதரும் மண்டிய செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களைத் தாக்கியது.

இரண்டையும் பிரித்துக் காட்டியதில் தற்செயலுக்கும் பங்குண்டு. நோயாளியின் ரத்தநீர் புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவைத் திரளச் செய்கிறதா என்று பார்ப்பது அக்காலத்துச் சோதனை. கழகத்தின் கிங்ஸ்பரி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பாக்டீரிய வளர்ப்பு, நகரத்து நோயாளிகளின் ரத்தநீரில் திரள மறுத்தது. தோட்டத்து நோயாளிகளின் ரத்தநீரில் திரண்டது. அவர் பெயரின் முதலெழுத்தைத் தாங்கிய 'ஓஎக்ஸ்-கே' சோதனை அதன்பின் பல பத்தாண்டுகள் உலகெங்கும் புழங்கியது. நோயைப் பரப்பும் உண்ணிகளில் ஒன்றுக்குப் பிளெட்சரின் பெயரே சூட்டப்பட்டது. தோட்டத்துக் காய்ச்சலும் ஜப்பானியர் அறிந்திருந்த சுட்சுகமூஷி நோயும் ஒன்றே என்று அதே கழகத்தின் லூத்வெயிட்டும் சாவூரும் 1940இல் நிறுவினர்.

நோய் தெரிந்தது, மருந்து இல்லை. தோட்டத் தொழிலாளர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காய்ச்சலில் கிடந்தபோது வராத அவசரம், இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் நியூ கினியிலும் படைவீரர்கள் படுத்தபோது வந்தது. பிரிட்டன் பருத்தி எலிகளின் நுரையீரலிலிருந்து பெருமளவில் தடுப்பூசி தயாரித்தது. தென்கிழக்காசியாவில் படையினரிடம் சோதித்தபோது அது காக்கவில்லை.

திருப்பம் 1948இல் வந்தது. வெனிசுவேலா நாட்டு மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து முந்தைய ஆண்டு பிரித்தெடுக்கப்பட்ட குளோரம்பெனிக்காலை எடுத்துக்கொண்டு, அமெரிக்க ராணுவ மருத்துவர் ஜோசப் ஸ்மேடல் தம் குழுவுடன் கோலாலம்பூர் வந்தார். லூத்வெயிட்டும் சாவூரும் உடன் நின்றனர். நோயாளிகள் பலருக்கு ஒன்றரை நாளுக்குள் காய்ச்சல் இறங்கியது. மருந்து பெறாதவர்களுக்கோ அது வாரக்கணக்கில் நீடித்தது. உண்ணிக் காய்ச்சல் என எண்ணி மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு இருந்தது டைபாய்டு என்று பின்னர் தெரிந்தது. அவர்களும் தேறினார்கள்! டைபாய்டுக்கு முதல் பயனுள்ள மருந்து இப்படித்தான் கிடைத்தது. ஸ்மேடல் குழுவின் தியோடர் உட்வர்டு இதைப் பற்றி எழுதிய ஆய்வறிக்கையில் மங்கிகர் என்ற இந்திய மருத்துவரின் பெயரும் இருக்கிறது. இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் சாவூரையும் மங்கிகரையும் அநேகமாக விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, மருந்தாலேயே நோயைத் தடுக்க முடியுமா என்று பார்த்தனர். உண்ணி நிறைந்த புல்வெளியில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து கடிபட்டார்கள். தினமும் மருந்து உண்டவர்களுக்கு நோய் வரவில்லை. நிறுத்திய சில நாட்களில் பலர் படுத்தனர். மருந்து கிருமியை அடக்கியதே தவிர ஒழிக்கவில்லை. விட்டுவிட்டு வாரக்கணக்கில் கொடுத்தபோதுதான் பலன் தெரிந்தது. குளோரம்பெனிக்காலின் இடத்தைப் பின்னாளில் டாக்ஸிசைக்கிளின் பிடித்தது. பெனிசிலின் வகை மருந்துகள் இதற்குப் பயன்படா.

பகாங்கின் மெந்தகாப் மருத்துவமனையில் 1970களில் நடந்த ஆய்வு, காய்ச்சலோடு வருவோரில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு உண்ணிக் காய்ச்சல் என்றது. போர் முடிந்ததும் நோயும் போய்விட்டது என்ற நினைப்புக்கு அது அடி.

தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் ஆய்வின் மையம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. அங்குள்ள ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் 7 மையங்களில், நோய் முற்றிய சுமார் 800 பேரிடம் நடந்த சோதனை 2023இல் வெளியானது. ஊசிவழி டாக்ஸிசைக்கிளினோடு அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 33 விழுக்காட்டினருக்கே மரணமோ, நீடித்த காய்ச்சலோ, தீராத உறுப்புச் சிக்கலோ இருந்தது. ஒற்றை மருந்து பெற்றவர்களில் அது 47, 48 விழுக்காடு. மரணங்களை மட்டும் எண்ணினால் பெரிய வேறுபாடு இல்லை. எந்த மருந்தானாலும் தாமதமாகக் கொடுத்தால் காப்பது கடினம்.

தடுப்பூசி இன்றுவரை இல்லை. கிருமி பல வகையாக இருப்பதால், ஒரு வகைக்கு வரும் எதிர்ப்பாற்றல் இன்னொன்றை நீண்டநாள் தடுப்பதில்லை. ஆகவே தோட்டத்திலோ புதர்க்காட்டிலோ நடமாடியபின் காய்ச்சல் விடாமல் அடித்தால், போய்வந்த இடத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் கருத்த பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.