ரீஸ்: தந்தை பெயரை இழந்த மக்களின் கதை

நம் அடையாள அட்டையில் பெயருக்குப் பின்னால் 'அனாக் லெலாக்கி' அல்லது 'அனாக் பெரம்புவான்' என்று வந்து, தந்தையின் பெயர் தொடர்கிறது. பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸ் நாட்டு மக்களுக்கும் ஒரு காலத்தில் இதே வழக்கம் இருந்தது. மகன் என்பதற்கு 'ஆப்', மகள் என்பதற்கு 'வெர்ஹ்' என்று எழுதினார்கள். அந்த வழக்கம் எப்படி மறைந்தது? 'ரீஸ்' என்ற சின்னஞ்சிறு பெயர் அதற்கு விடை சொல்லும்.

ரீஸ், கெல்டிக் மொழிகளுள் ஒன்றான வேல்ஷ் மொழிப் பெயர். உள்ளக் கனல், வேகம் என்பது அதன் பொருள். தென் வேல்ஸை ஆண்ட ரீஸ் ஆப் டியூடர், 1093ஆம் ஆண்டு நார்மன் படையை எதிர்த்துப் போரில் மாண்டார். அவருடைய பேரன் ரீஸ் ஆப் கிரிஃபித், 1176ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் கார்டிகன் கோட்டையில் புலவர்களையும் இசைவாணர்களையும் கூட்டிப் போட்டி நடத்தினார். வேல்ஸில் இன்றும் நடைபெறும் கலைவிழாக்களுக்கு அதுவே தொடக்கம் என்பர்.

1536ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் நிலைமையை மாற்றியது. நீதிமன்ற மொழி ஆங்கிலமானது. வேல்ஷ் மட்டுமே பேசுவோருக்கு அரசுப் பதவி இல்லை என்றானது. ஆங்கிலேயரைப் போல மாறாத குடும்பப் பெயர் வைக்கும் பழக்கம் முதலில் செல்வரிடமும், பிறகு மெல்ல மெல்லப் பொதுமக்களிடமும் பரவியது. 'ஆப் ரீஸ்' என்பது சேர்ந்து ஒலித்து 'பிரைஸ்' ஆயிற்று. 'ஆப் ஹவல்' பவல் ஆனது. 'ஆப் ஹாரி' பாரி ஆனது. பிரிட்டனின் இலவச மருத்துவச் சேவையை 1948இல் தொடங்கிய அமைச்சர் அனைரின் பெவனின் குடும்பப் பெயரும் 'எவனின் மகன்' என்பதன் திரிபே.

ஆங்கிலத்தில் 'பிரைஸ்' என்றால் விலை. கனல் என்று பொருள்பட்ட பெயர், கேட்பவர் காதில் கடைச்சரக்கின் விலையாகிவிட்டது!

ஆயினும் மொழி மடியவில்லை. 1546ஆம் ஆண்டு முதல் வேல்ஷ் அச்சு நூலை வெளியிட்டவர் ஜான் பிரைஸ். அவரே ஒரு ரீஸின் மகன்தான். 2011ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஷ் மொழிக்கு அதிகாரப்பூர்வத் தகுதி அளித்தது. இன்று சிலர் 'ஆப்' என்பதை மீண்டும் எழுதுகிறார்கள். 2023இல் பிளைட் கம்ரி கட்சித் தலைவரான ரீன் ஆப் யோர்வெர்த் அவர்களுள் ஒருவர்.

நம் குடும்பங்களிலும் ஒரே தந்தையின் பெயர், அண்ணன் பத்திரத்தில் ஒரு விதமாகவும் தம்பி பத்திரத்தில் வேறு விதமாகவும் இருப்பதைக் காண்கிறோம். குழந்தையின் பிறப்பைப் பதியும்போது பெயரின் பொருள் அறிந்து, எழுத்தைச் சரிபார்த்துக் கையொப்பமிடுவோம். வேல்ஸ் மக்கள் சில தலைமுறைகள் கழித்துத் தேடிய ஒன்று, இன்றும் நம் கையில் இருக்கிறது.