அன்று கொட்டிய முடியும் இன்று உதிரும் முடியும்

2009 இல் செட்டிகுளம் முகாமில் தலை வாரும்போதெல்லாம் முடி கொத்தாகக் கையோடு வந்தது. பேரதிர்ச்சி, கடுங்காய்ச்சல், பட்டினி ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்களின் பின் இப்படிக் கொட்டுவதுண்டு. வேர் சாகாததால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். எனக்கும் முளைத்தது.

இப்போது 65 வயதில் வகிடு அகல்கிறது. இது வேறு. பரம்பரையாலும் வயதாலும் மயிர்க்கால்கள் சுருங்குகின்றன. விலைகூடிய எண்ணெய்களை நம்பிக் காசைக் கரைக்காதீர்கள். மினொக்சிடில் பூசினால் சிலருக்குப் பலனுண்டு. தெரிய நான்கு மாதமாவது செல்லும், நிறுத்தினால் மீண்டும் உதிரும்.

திடீரென உதிர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்தச்சோகையோ தைரொயிட் குறைபாடோ காரணமாயிருக்கலாம். வழுக்கையில் வெயில் படாமல் தொப்பியோ சேலைத்தலைப்போ போடுங்கள்.

முகாமில் உதிர்ந்த முடியைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஒளித்தேன். இன்று பேத்திதான் என் தலையை வாரிவிடுகிறாள்.