கருத்தடை ஊசியும் மாறும் மாதவிடாயும்: கல்வராயன் மலையை முன்வைத்து

ஹார்மோன் கருத்தடையைத் தொடங்கும் பெண் முதலில் உணரும் மாற்றம் உதிரப்போக்கில்தான். மருத்துவக் கையேடுகள் அதைப் பக்கவிளைவுகளுள் ஒன்றாக, தலைவலிக்கும் எடை கூடுதலுக்கும் அருகில் வைக்கின்றன. பெண்ணோ பெரும்பாலும் அதை வைத்தே கருத்தடையைத் தொடர்வதா, விடுவதா என்று முடிவெடுக்கிறாள். எனவே உதிரப்போக்கைப் பற்றிய முன்கூட்டிய பேச்சுதான் கருத்தடைச் சேவையின் மையமாக இருக்க வேண்டும் என்று வாதிடுகிறேன்.

அரசு இலவசமாகத் தரும் மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையில் 28 மாத்திரைகள் உண்டு. அவற்றுள் 21 ஹார்மோன் மாத்திரைகள், 7 இரும்புச்சத்து மாத்திரைகள். ஹார்மோன், சினைமுட்டை வெளிவருவதைத் தடுக்கிறது. கருப்பையின் உள்வரியையும் தடிக்கவிடுவதில்லை. இரும்பு மாத்திரை விழுங்கும் வாரத்தில் ஹார்மோன் நிற்பதால் அந்த மெல்லிய உள்வரி உதிர்கிறது. மாதந்தோறும் வந்தாலும் அது முட்டை வெளிவந்த சுழற்சியின் முடிவு அன்று. மாத்திரையின் இடைவெளி வரவழைக்கும் உதிரம். முதல் 3 மாதங்களில் நடுநடுவே உதிரம் படுவது சாதாரணம். பின்பு பெரும்பாலோருக்குப் போக்கின் அளவும் வயிற்றுவலியும் குறைகின்றன.

ஊசியின் கதை வேறு. 2017-இல் ‘அந்தரா’ என்ற பெயரில் அரசுத் திட்டத்துக்கு வந்த மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் 150 மில்லிகிராம் ஊசி 3 மாதங்களுக்கு ஒருமுறை போடப்படுவது. இதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. இடைவெளி வாரமும் இல்லை. ஆதலால் உள்வரி மெலிந்து, ஒழுங்கின்றித் திட்டுத்திட்டாக உதிர்கிறது. முதல் சில மாதங்கள் எந்நாளில் வரும் என்று சொல்ல முடியாது. ஓராண்டு தொடர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மாதவிடாயே நின்றுவிடுகிறது. உள்வரி வளராததால் வெளியேற ஒன்றுமில்லை, அவ்வளவே. கெட்ட இரத்தம் உள்ளே தேங்கிவிடும் என்ற அச்சத்துக்கு உடலியலில் இடமில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அவர்களுக்கு உதிர இழப்பு குறைவது நன்மையே.

ஆனால் இதை யாரும் சொல்லாவிட்டால்? கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் பல, வேலை தேடி மாதக்கணக்கில் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகின்றன. போன இடத்தில் நாள் தள்ளினால் கருவோ என்ற பதற்றம். நாள் தள்ளாமல் பத்து நாள் உதிரம் பட்டால் நோயோ என்ற பயம். கேட்பதற்குத் தெரிந்த செவிலியர் அருகில் இல்லை. வெள்ளிமலையைச் சுற்றிய குக்கிராமத்திலிருந்து ஊசிக்கென்று மலைப்பாதையில் வருவதற்கு அரைநாள் கூலி போகும். குழப்பத்தோடு இருப்பவள் அந்தக் கூலியை இழந்து இரண்டாம் ஊசிக்கு வருவாள் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

சொல்வதால் என்ன மாறும் என்பதற்குச் சான்று உண்டு. சீனாவில் நடந்து 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், உதிரப்போக்கு மாற்றத்தை முன்னதாக விளக்கமாகக் கேட்ட பெண்களில் 11 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் ஊசியைக் கைவிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 42 விழுக்காட்டினர். மருந்து ஒன்றே, அளவும் ஒன்றே.

இந்த விளக்கத்தை ஊசியைப் பரப்பும் உத்தியாகச் சுருக்கிவிடக் கூடாது. 1980-களில் ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் நடந்த, நெட்-என் என்ற வேறொரு கருத்தடை ஊசியின் சோதனையை எதிர்த்துப் பெண்கள் அமைப்புகள் 1986-இல் உச்ச நீதிமன்றம் சென்றன. உரிய தகவலின்றிப் பெறப்படும் ஒப்புதல் ஒப்புதலே அன்று என்ற அவர்களின் நிலைப்பாடு இன்றும் செல்லும். கேட்டபின் வேண்டாம் என்பவளின் முடிவும் அச்சேவையின் வெற்றியே. குடும்பக் கட்டுப்பாடென்றால் பெண்ணின் அறுவைச் சிகிச்சை என்றே பழகிவிட்ட தமிழ்நாட்டில் (அதே தேசியக் குடும்பநல ஆய்வில் மணமான பெண்களில் 57.8 விழுக்காடு) இதைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும்.

பேச்சு எளிமையானது: “இங்க பாரும்மா, மொதல்ல அப்பப்போ கொஞ்சம் கொஞ்சமா படும், அப்புறம் வராமலே போகலாம். பயப்படாதே. ரொம்பப் போச்சுன்னா உடனே வா. கொழந்த வேணும்னு நிறுத்தினா, உண்டாக ஏழு, பத்து மாசம் ஆகலாம்.” கடைசிச் செய்தியை விட்டுவிட்டால், ஊசி மலடாக்கிவிட்டது என்ற பேச்சு ஊரெங்கும் பரவும். தேதி தவறினாலும் 4 வாரம் வரை அடுத்த ஊசியைப் போடலாம் என்பதையும், வேறு மாநில ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட ஊசிப் பதிவு அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். இரண்டாம் ஊசிக்கு வருபவளிடம் எடையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்குமுன் உதிரப்போக்கைக் கேட்க வேண்டும். தொல்லை தருமளவு இருந்தால் கருவும் தொற்றும் இல்லையென்று உறுதிசெய்து, மெஃபெனமிக் அமிலம் போன்ற மாத்திரையால் அடக்கலாம்.