ஊரைவிட்டுப் போகாத தாழிகள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், ஸ்ரீவைகுண்டத்துக்குச் சற்று முன்னால், தாமிரபரணியின் தென்கரையில் சரளை நிறைந்த மேட்டு நிலம் ஒன்று கிடக்கிறது. மொத்தம் 114 ஏக்கர். ஆதிச்சநல்லூரின் பழைய இடுகாடு அது. இன்று அங்கே கண்ணாடித் தரையின்மேல் நின்றுகொண்டு, காலடியில் முதுமக்கள் தாழிகள் புதைத்த இடத்திலேயே இருப்பதைப் பார்க்கலாம். அந்தக் கண்ணாடித் தரை வருவதற்கு 147 ஆண்டுகள் ஆயின.

1876இல் ஜெர்மானியர் ஃபெடோர் ஜாகோர் இங்கே முதலில் தோண்டினார். மட்கலங்கள், இரும்பு ஆயுதங்கள், மண்டையோடுகள் எல்லாம் பெர்லினுக்குக் கப்பலேறின. அடுத்து அலெக்சாண்டர் ரீ. 1899 தொடங்கி சில ஆண்டுகள் அவர் நடத்திய அகழாய்வில்தான் இந்த மேட்டின் செல்வம் வெளிப்பட்டது. நெற்றியில் கட்டும் மெல்லிய தங்கப் பட்டங்கள், எருமையும் சேவலும் நிற்கும் வெண்கல மூடிகள், இரும்பு வாள்கள், ஈட்டிகள், போதாததற்கு நெல் உமியும் துணித் துண்டும். ரீ அக்கறையோடு பட்டியல் எழுதினார்; 1915இல் அது நூலாக வந்தது. ஆனாலும் பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. தாழிகளைத் தந்த ஊருக்கு மிஞ்சியவை குழிகள் மட்டுமே.

பிறகு ஏறத்தாழ நூறாண்டு மௌனம். 2004இல் சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் மண்வெட்டி எடுத்தது. சிறிய பரப்பிலேயே 150க்கும் மேற்பட்ட தாழிகள். ஒரு பானை ஓட்டில் ஒட்டுருவமாக மெலிந்த உயரமான பெண் ஒருத்தி நிற்கிறாள். பக்கத்தில் நெற்கதிர், அதன்மேல் கொக்கு, கொம்புள்ள மான், முதலை. ஆற்றங்கரை வாழ்வு முழுவதும் அந்த ஓட்டில் இருக்கிறது. இவ்வளவு கிடைத்தும் அகழாய்வு அறிக்கை வெளிவரப் பல ஆண்டுகள் இழுத்தது. இது தொடர்பான வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. 2019இல்தான் இங்கே கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது.

வழக்காடியவர்களின் அந்த விடாப்பிடிதான் பலன் தந்தது என்று நான் நம்புகிறேன். 2020 மத்திய பட்ஜெட்டில், அகழாய்வுத் தளத்திலேயே அருங்காட்சியகம் அமைக்கப்படும் ஐந்து இடங்களுள் ஆதிச்சநல்லூரும் இடம்பெற்றது. 2021இல் புதிய அகழாய்வு தொடங்கியது. அடுத்த ஆண்டு தங்கப் பட்டம் ஒன்றும் வெளிவந்தது. இம்முறை சில தாழிகளை எடுக்காமல் அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போட்டார்கள். 2023 ஆகஸ்ட் 5 அன்று அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. அருங்காட்சியகக் கட்டடத்துக்கும் அன்றே அடிக்கல் நாட்டினார்கள்.

எழும்பூர்க் கண்ணாடிப் பெட்டியில் தங்கப் பட்டத்தின் அழகு தெரியும். அதைக் கட்டியிருந்தவர் எங்கே, யார் பக்கத்தில் கிடத்தப்பட்டார் என்பது தெரியாது. இங்கே தெரிகிறது. பாறையை வெட்டிக் குழி எடுத்து, தாழியை இறக்கி, மூடி கவிழ்த்து, இடம் போதாதபோது பழைய தாழிக்கு மேலேயே புதியதை வைத்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அதே மேட்டுக்குத் திரும்பி வந்தவர்களின் பழக்கம் அந்த அடுக்கில்தான் பதிந்திருக்கிறது. அடுக்கைக் கலைத்தால் அந்தச் செய்தி போய்விடும். 114 ஏக்கரில் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படவில்லை. அவசரப்பட வேண்டாம். இனித் தோண்டும் ஒவ்வொரு குழியிலும் எதை எடுப்பது என்பதற்கு முன், எதை அங்கேயே விடுவது என்று முடிவு செய்துகொண்டு தோண்டட்டும்.