கீமோதெரபி: உள்ளங்கை, உள்ளங்கால் எரிச்சலை மறைக்காதீர்கள்

கீமோதெரபி எடுப்பவர்களில் சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியும். இதை மருத்துவர்கள் 'ஹேண்ட்-ஃபுட் சிண்ட்ரோம்' என்கிறார்கள். இது மற்றவர்களுக்குத் தொற்றாது.

மார்பகம், பெருங்குடல், இரைப்பைப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் கேப்சைட்டபைன் மாத்திரையால் இது அதிகம் வருகிறது. மாத்திரையை வீட்டிலேயே சாப்பிடுவதால், முதலில் கவனிக்க வேண்டியவர்கள் குடும்பத்தார்தான்.

கூச்சம், மரத்துப்போதல், சிவப்பு, வீக்கம் ஆகியவை தொடக்க அறிகுறிகள். வலியோ கொப்புளமோ வந்தால், பொத்தான் போடவோ நடக்கவோ சிரமப்பட்டால், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் மருந்தைச் சில நாள் நிறுத்தி, தேவைப்பட்டால் அளவைக் குறைப்பார். கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம்; வலியைப் பொறுத்துக்கொண்டு தொடரவும் வேண்டாம்.

ஒளு செய்ய வெந்நீரைத் தவிர்த்து, சாதாரண நீரையே பயன்படுத்துங்கள். பிறகு தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுத்து, மருத்துவர் சொன்ன யூரியா க்ரீமைத் தடவுங்கள். மருதாணி சிவப்பை மறைத்துவிடும் என்பதால் சிகிச்சை முடியும்வரை வேண்டாம். திருச்சி, ஸ்ரீரங்கம் வெயிலில் மொட்டை மாடியில்கூட வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 264 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2024-ல் வெளியானது. டைக்ளோஃபெனாக் ஜெல் தடவியவர்களில் 3.8 சதவீதம் பேருக்கே நடுத்தர அல்லது கடும் பாதிப்பு வந்தது. மருந்தில்லாத ஜெல் தடவியவர்களில் அது 15 சதவீதம். இதையும் மருத்துவரைக் கேட்டே தடவுங்கள்.

சிலருக்கு விரல் ரேகையும் மங்கும். ரேஷன் கடையிலோ உம்ரா பயணத்தில் விமான நிலையத்திலோ ரேகை பதியாமல் போகலாம். மருத்துவரின் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள்.